ஒரு மீட்டர் நாற்பத்தைந்து

கராஜுக்கு இடம் வேண்டி
மலையின் காலை வெட்டியது நான்தான்.
வாடகை இயந்திரம், மூன்று நாள்.
டனீடனின் மஞ்சள் களிமண்
கத்தி போட்ட வெண்ணெய் போல
செங்குத்தாக, பளபளவென்று நின்றது.
நிற்கும் என்றுதான் நினைத்தேன்.
ஜூலை மழை
வேறு மாதிரி நினைத்தது.

இரவு இரண்டு மணி.
சத்தம் என்றே சொல்ல முடியாது.
கனத்த ஆள் ஒருவர்
சோபாவில் உட்கார்ந்ததுபோல் ஒரு பொத்.
டார்ச்சோடு ஓடிப் பார்த்தால்
பட்டறையின் புதுக் கதவுக்குப்
பாதி உயரம் சேறு.
சேற்றின் உச்சியில் சாய்ந்தபடி
மேல்வீட்டுத் துணிக்கொடிக் கம்பம்.
மழைக்கு எடுக்க மறந்த
தெவிதாவின் இரண்டு கால்சட்டைகள்
கிளிப் கூடக் கழலாமல்.

அவரும் இறங்கி வந்தார், வெறுங்காலோடு.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர்,
எடை எதுவென்று கண்ணாலேயே சொல்லிவிடுவார்.
முதலில் கால்சட்டையைப் பார்த்தார்,
பிறகு என்னை.
"உங்கள் மலை என் வீட்டுக்கு வந்துவிட்டது" என்றேன்.
"உன் கராஜ்தான், மோராக்,
என் மலைக்குள் வந்தது" என்றார்.
இரண்டும் சரி.
பதில் பேச எதுவும் இல்லாமல்
ஆளுக்கொரு மண்வெட்டி எடுத்தோம்.

சுவர் ஒன்றரை மீட்டரைத் தாண்டினால்
நகராட்சி, படிவம், பொறியாளர் கையொப்பம்.
ஆகவே ஒரு மீட்டர் நாற்பத்தைந்து.
அந்த ஐந்து சென்டிமீட்டர்
என் வாழ்நாளில்
சட்டத்துக்கு நான் காட்டிய மரியாதை.

மேலே எவ்வளவு தெரியுமோ
கீழேயும் அவ்வளவு புதைய வேண்டும்.
பதினான்கு கம்பங்கள், பதினான்கு குழிகள்.
ஒன்பதாவதில் பாறை.
பாறையை நான் திட்டியது
மேல்வீட்டுச் சமையலறை வரை கேட்டிருக்கிறது.
மேலே, தெவிதாவின் மனைவி,
பிளாஸ்க்கில் தேநீர் கொண்டுவந்தாள்,
கூடவே ஒரு கேள்வியும்:
"சுவர் ஏன் கோணலாக இருக்கிறது?"

கோணல் இல்லை.
தள்ளப் போகிறவன் பக்கம்
கொஞ்சம் முன்கூட்டியே சாய்ந்து நிற்பது.
நேராக நிற்கும் சுவர்
பத்து வருடத்தில் கும்பிட்டுவிடும்.
அவளுக்கு நம்பிக்கை வரவில்லை.
நீர்மட்டக் கருவியை வாங்கித்
தானே வைத்துப் பார்த்தாள்.
குமிழி ஓரத்தில் நின்றது.
"கோணல்தான்" என்றாள்.

மண் தள்ளாது, தண்ணீர்தான் தள்ளும்
என்று எல்லோரும் சொன்னார்கள்.
முதல் சுமை ஜல்லி வந்தபோது புரியவில்லை,
மூன்றாவது ரசீது வந்தபோது புரிந்தது.
துளைக்குழாய், அதைச் சுற்றி வடிதுணி,
அதன் மேல் ஜல்லி, ஜல்லி, இன்னும் ஜல்லி.
லேத் வாங்க வைத்திருந்த பணம்
பதினொரு டன் கல்லாகி
யாருக்கும் தெரியாத இடத்தில்
சுவருக்குப் பின்னால் கிடக்கிறது.

செப்டம்பரில் நல்ல மழை ஒன்று.
குழாயின் வாயருகே
குடை இல்லாமல் நின்றோம், தெவிதாவும் நானும்,
பிரசவ அறைக்கு வெளியே நிற்கிறவர்கள் மாதிரி.
வெகுநேரம் ஒன்றும் இல்லை.
எங்கோ தவறிவிட்டேன் என்று
துணியை, சரிவை, கடைக்காரனை
மனசுக்குள் விசாரித்துக்கொண்டிருந்தேன்.
அப்போது குழாய் ஒருமுறை இருமி
ஒரு வாய் மஞ்சள் துப்பியது.
பிறகு தேநீர் நிறம்.
பிறகு தெளிவாக, விரல் பருமனில்,
நிற்காமல்.
"நாலு கிலோ இருக்கும், நிமிஷத்துக்கு"
என்றார் தெவிதா,
மேலே ஏறிப் போய்விட்டார்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பார்கள்.
சுவர் இருக்கிறது.
சித்திரத்துக்குக் காசு இல்லை.

பட்டறையில் விளக்குப் போட்டேன்.
காய்ந்த சிமெண்ட் தரை,
லேத் நிற்க வேண்டிய இடத்தில்
சாக்பீஸால் வரைந்த ஒரு செவ்வகம்,
பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று
ஏழு அட்டைப்பெட்டிகளாக.
குறுக்கே கட்டிய கயிற்றில்
மூன்றாம் முறை துவைத்தும் மஞ்சள் போகாத
இரண்டு கால்சட்டைகள்.
அவர் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.
இப்போதைக்கு இங்கே
நடக்கிற வேலை
அவை உலர்வதுதான்.